இன்னொரு திறமையை விட்டுவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேலையில் மேலே வருவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். 'கணக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பழந்தமிழ் எதற்கு, ஒன்றை உருப்படியாகப் படி' என்று பல வீடுகளில் சொல்வார்கள். மாணவர்களிடம் நான் நெடுநாளாகச் சொல்லிவருவது வேறு. உங்களுக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை ஒரே வேலையில் இறக்கிப் பாருங்கள். ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றது கைகொடுக்க வேண்டும்.

இதைப் பேசும்போதெல்லாம் நான் சொல்லும் பெயர் ஐராவதம் மகாதேவன். 1930இல் பிறந்தவர். வேதியியலும் சட்டமும் படித்து, 1954இல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்தார். பகலெல்லாம் அரசாங்கக் கோப்பு. அந்த வேலைக்கு நடுவில்தான் மலைக்குகைகளில் இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை, அதாவது தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளை, தேடிப் போனார்.

அந்த எழுத்தில் என்ன சிக்கல் என்றால், பெரும்பாலும் புள்ளி கிடையாது. கல்லில் ஒரு எழுத்து இருக்கிறது. அது 'க'வா, 'க்'கா? எழுத்தை மட்டும் படித்தவருக்குச் சொல்ல வராது. தமிழை மட்டும் படித்தவருக்கோ அந்த எழுத்தே தெரியாது. இரண்டும் தெரிந்தால்தான் கல் பேசும்.

கரூர் பக்கம் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. மேலே முருகன் கோயில். போயிருப்பீர்கள். அங்கே இருப்பதைத்தான் புகளூர்க் கல்வெட்டு என்கிறோம். அதை 1965இல் மகாதேவன் படித்தார். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ, இளங்கோ ஆனபோது 'அறுத்த கல்'. அதாவது இளவரசுப் பட்டம் கட்டியபோது வெட்டிக்கொடுத்த இருப்பிடம்.

தாத்தா, அப்பா, பேரன். மூன்று தலைமுறை ஒரே கல்லில்! சங்க இலக்கியம் அறியாதவர் இதைப் படித்திருந்தால், யாரோ மூன்று அரசர்கள் என்று குறித்துவைத்துவிட்டுப் போயிருப்பார். மகாதேவனுக்கு, சேர அரசர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்து நினைவுக்கு வந்தது. அதில் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகள் பாடும் இரும்பொறை மரபுச் சேரர்களோடு இந்த மூவரையும் பொருத்திக் காட்டினார். பாட்டில் இருந்த அரசர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

மறுபடியும் சொல்கிறேன். எழுத்தில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் இருந்திருக்கலாம், இலக்கியத்திலும் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே கல்லின் முன்னால் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் செய்த வேலை.

அப்புறம் சிந்துவெளி முத்திரைகள். அங்கே அவர் கணினியைத் துணைக்குச் சேர்த்தார். முத்திரைக் குறிகளைப் பிரித்து 417 என்று பட்டியலிட்டார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண். எண் இருந்தால் கணினி தேடும், அடுக்கும். எந்தக் குறி எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க உதவும் அந்தத் தொடரடைவு 1977இல் வெளிவந்தது. 1987இலிருந்து 1991வரை தினமணிக்கு ஆசிரியராகவும் இருந்தார். அதை விரிவாகச் சொல்ல ஆசை, ஆனால் நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள்.

சரி, இளைஞர்களுக்குச் சொல்ல வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறீர்கள், கணினியில் அட்டவணை போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியாகப் போகும் மருந்துகளை மாதம் பிரித்து ஒரு பட்டியல் போட்டு முதலாளியிடம் காட்டுங்கள். யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது விஷயத்தில் கரைகாண வேண்டும் என்பதில்லை. அதில் தேர்ந்தவரோடு உட்கார்ந்து பேசும் அளவுக்குத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: தேர்வு வருகிறது என்று பிள்ளையின் வீணை வகுப்பை நிறுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.