வேலி தாண்டிய குதிரை

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனில் புத்தகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "செஸ் ஆடுகிற கணினி நிரலை எழுதப் பழக்கும் ஆரம்பப் புத்தகத்தைத் தமிழில் போட்டால் யார் மாஸ்டர் வாங்குவான்?"

நியாயமான கேள்வி. உலகின் மிகப் பலமான செஸ் நிரல்களில் ஒன்றான ஸ்டொக்ஃபிஷ்ஷுக்குப் போட்டியாக ஒன்று செய்ய நினைப்பவர் வாங்கமாட்டார்; அதன் மூல நிரலே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டிகளுக்கு ஓடுகிற ஆட்டக்காரருக்கும் இது தேவைப்படாது. மிஞ்சுவது, உயர்தரத்தில் பைதன் என்ற நிரல் மொழியைப் படித்துக்கொண்டு இடைவேளையில் செஸ் பலகையை விரிக்கிற பிள்ளைகள். ஆயிரக்கணக்கில் இல்லை. ஆனால் இருக்கிறார்கள்.

இவர்களுடைய கஷ்டம் வேறு. லயத்து அறையில் இரவு பத்து மணிக்கு நிரல் பிழைத்தால் யாரிடம் கேட்பது? செஸ் நிரலில் அதற்கு ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள். கறுப்பும் ஆடினால் 400 வழிகள். மறுபடி வெள்ளை ஆடினால் 8,902, அப்புறம் கறுப்பு ஆடினால் 197,281. நிரலை எண்ண விட்டு இதோடு ஒப்பிட்டால் போதும், பிழை இருப்பது தெரிந்துவிடும்.

என் மாணவன் ஒருவனுடைய நிரல் முதல் நகர்த்தலிலேயே 21 என்றது. அவன் 64 கட்டங்களுக்கும் கீழ் இடது மூலையிலிருந்து வரிசை வரிசையாக 0 முதல் 63 வரை இலக்கம் போட்டிருந்தான். கீழ் வரிசையின் ஏழாம் கட்டமான ஜி1இல் நிற்கும் குதிரையின் இலக்கம் 6. வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று (ஒரு வரிசைக்கு 8) போக 10ஐக் கூட்டினால் 16. அது எங்கே? இடது ஓரத்தில், மூன்றாம் வரிசையின் முதல் கட்டமான ஏ3! வலப்பக்கம் பலகையை விட்டு வெளியே பாய்ந்த குதிரை மறுபக்கத்தால் உள்ளே வந்திருக்கிறது. பலகையைச் சுற்றி, எந்தக் காயும் கால் வைக்க முடியாத வேலிக் கட்டங்களைப் போட்டு 120 கட்டமாக்கினோம். பன்றிக்குப் பயந்து மரக்கறிப் பாத்திக்கு வேலி கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கணினி இல்லாத பிள்ளை என்ன செய்வது என்பீர்கள். 1952இல் கணினித் துறையின் முன்னோடி அலன் டூரிங், தன் செஸ் நிரலை ஓட்டக் கணினி இல்லாமல், தாளில் கணக்குப் போட்டே ஓர் ஆட்டம் ஆடினார். தோற்றுத்தான் போனார், அது வேறு கதை.

நண்பரிடம் நூறு பிரதி போடுங்கள் என்றேன். மெல்லிய புத்தகமாக, அந்த நான்கு எண்களையும் முதல் பக்கத்திலேயே அச்சடித்து. அவர் இன்னும் யோசிக்கிறார். மாணவனுக்கு இப்போது 400 சரியாக வருகிறது. 8,902 இன்னும் வரவில்லை.