தகவல் தந்தவர் யார்?

வணக்கம் நேயர்களே.

குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவர்கள் பலர், "எங்கள் வம்சத்தில் ஒரு தளபதி இருந்தாராம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தளபதி குதிரைமீதே காத்திருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் கடைசியாகக் காலமான பெரியவரின் இறப்புப் பதிவை முதலில் எடுங்கள். அதிலுள்ள வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு தெரியும். பிறப்புப் பதிவு கிடைத்தால் பெற்றோர் கிடைப்பார்கள். பிறகு அவர்களுடைய இறப்புப் பதிவு. இப்படிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

இறப்புப் பதிவு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, தகவல் தந்தவர் யார் என்பதை. இறந்தவர் தம் வயதைச் சொல்ல எழுந்து வரப்போவதில்லை. வேறொருவர் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். சொன்னவர் மகள் என்றால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால், வயதுக் கட்டத்தில் 60, 70 என்று ஒரு முழு எண் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். அது ஓரிரு நாளுக்கு முன்பு நடந்தது. பிறந்த ஊரும் தாயின் பெயரும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய செய்தி. ஒரே தாளில் இருப்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

பதிவில் என்னென்ன இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 1855இல் தொடங்கிய அரசுப் பதிவில், இறந்தவரின் தாய் தந்தை பெயரோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் கேட்டு எழுதினார்கள். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் 1837 ஜூலையில் தொடங்கிய இறப்புப் பதிவில் பெற்றோருக்கென்று கட்டமே இல்லை. பிரான்சில் 1792 முதல் அரசுப் பதிவு உண்டு. அதற்கும் முன்னால் போனால் தேவாலய ஏடுகள்தான். இங்கிலாந்தில் அவற்றை எழுத ஆணையிட்டது 1538இல். அவற்றில் பெரும்பாலும் அடக்கம் செய்த நாளைத்தான் எழுதினார்கள். அதை இறந்த நாள் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஏடுகள் எரிந்துவிட்டன என்று கேட்டதும் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது ஏராளமான தேவாலய ஏடுகள் சாம்பலாயின. ஆனால் பிறப்பு, இறப்புக்கான அரசுப் பதிவுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. எது எரிந்தது என்று துல்லியமாகக் கேளுங்கள். அதுவும் போயிற்று என்றால் கல்லறை எழுத்து, உயில், ஓய்வூதியக் கோப்பு, பழைய பத்திரிகையின் மரண அறிவிப்பு என்று பக்கவாட்டில் நுழையலாம்.

இனி என் அசட்டுத்தனம் ஒன்று. பாட்டியின் அண்ணனைத் தேடி ஒன்றரை ஆண்டு வீணாக்கினேன். இணையத்தின் பெயர் அட்டவணையில் அவர் இல்லை. ஆகவே பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அட்டவணை என்பது பிற்காலத்தில் யாரோ மூல ஏட்டைப் படித்துத் தயாரித்தது. பழைய ஆங்கிலக் கையெழுத்தில் எல் என்ற எழுத்தும் எஸ் என்ற எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். படித்தவர் மாற்றிப் படித்துவிட்டார். நான் வேறு எழுத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அட்டவணையை மூடிவிட்டு ஏட்டின் படங்களையே தேதி வரிசையில் புரட்டினேன். ஃபேமிலிசர்ச் போன்ற இலவசத் தளங்களில், பெயரைக் கொடுத்துத் தேடினால் வராத படங்கள் நிறைய இருக்கின்றன. பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும். இறந்து பல நாள் கழித்தும் பதிவு செய்திருப்பார்கள் என்பதால் சில வாரங்கள் தள்ளியும் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை அவர் அகப்பட்டார். மரணக் காரணம் 'தைசிஸ்'. காசநோய்க்கு அந்தக் காலத்து மருத்துவப் பெயர்.

தகவல் தந்தவர் கட்டத்தில் பாட்டியின் பெயர். பக்கத்தில் அவருடைய கைநாட்டு, மை சற்று வழிந்து. வயது 40 என்று சொல்லியிருக்கிறார். பிறகு கிடைத்த பிறப்புப் பதிவின்படி அண்ணனுக்கு அப்போது 36தான்.