ஊருக்குப் போகிறவர்களோடு ஒரு பனிக்காலம்

(எங்கள் ஊர் நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது. அன்று விட்டுப்போன ஓரிரண்டைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

சீனாவில் மருத்துவம் படித்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படிப்பைப் பற்றிப் பேசினால் முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் படிக்காத நாட்களைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் இருந்தது வூஹானில். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது. 2014இல் அது எங்களுக்கு, காலையில் எள் விழுது புரட்டிய சூடான நூடுல்ஸ் கிடைக்கும் ஊர், அவ்வளவுதான். ஜனவரி பாதியில் குளிர்கால விடுமுறை விடுவார்கள். விமானக் கட்டணம் கையைக் கடித்ததால் ஊருக்கு வர வழியில்லை. தமிழ்நாட்டுப் பையன்கள் நான்கு பேர், ஒரு மலையாளி, ஒரு நேபாளி என்று ஆறு பேர் சேர்ந்தோம். வடக்கே ஹார்பின், அப்புறம் தெற்கே கடலோரத்துச் சுவான்ஜோ. இதுதான் திட்டம்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டோம். அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 31. அதையொட்டி 40 நாளுக்கு நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். அந்த 40 நாளில் பஸ், ரயில், விமானம் எல்லாம் சேர்த்து சுமார் 360 கோடி பயணங்கள் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பொங்கலுக்கு முந்தின இரவு நம் பஸ் நிலையம் எப்படியிருக்கும்? அதை ஒரு மாதத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

அதிவேக ரயிலுக்குக் காசில்லை. பச்சைப் பெட்டிகள் கொண்ட பழைய ரயிலில், மெத்தை இருந்தும் 'கடின இருக்கை' என்று பெயர் வைத்த வகுப்பில் இடம் கிடைத்தது. பெய்ஜிங் வரை 1,200 கிலோமீட்டர், அங்கே வண்டி மாறி ஹார்பினுக்கு இன்னும் அதே அளவு. இருக்கை இல்லாத நிற்கும் சீட்டும் விற்பார்கள். அதை வாங்கியவர்கள் கட்டட வேலைக்காரர்கள். ஆளுக்கொரு காலிப் பெயிண்ட் வாளி கொண்டுவந்தார்கள். உள்ளே துணிமணி, பிள்ளைக்கு வாங்கிய பொம்மை. மூடியை அழுத்திப் போட்டுவிட்டால் வாளியே முக்காலி. நடைபாதை முழுக்க வாளிகள். அதற்கு நடுவே தள்ளுவண்டி வரும். "பீர், குளிர்பானம், மினரல் வாட்டர்! கடலை, சூரியகாந்தி விதை, எட்டுப் பொருள் கஞ்சி! காலை உள்ளே இழுங்க!" நம் ரயிலில் "சாயா, சாயா" என்று போவார்களே, அதே ராகம். பெட்டிக்குப் பெட்டி ஒரு கொதிநீர்த் தொட்டி உண்டு. காகிதக் கிண்ண நூடுல்ஸில் அந்த நீரை ஊற்றி, மூடி மேல் முள்கரண்டியைக் குத்தி, மூன்று நிமிடம் காத்திருந்தால் சாப்பாடு.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் வாளியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார். "வீட்டுக்குப் போறீங்களா?" என்றார். அந்தப் பயணத்தில் சந்தித்த அத்தனை பேரும் கேட்ட கேள்வி அது. "இல்லை, ஹார்பினுக்குப் பனிக்கட்டி பார்க்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு ஹார்பின் பக்கம்தானாம். அந்தப் பனிக்கட்டியிலிருந்து தப்பிக்கத்தான் தெற்கே வேலைக்கு வந்தாராம்!

ஹார்பினில் இறங்கியபோது பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரி. மூக்கு முடி உறைந்து ஊசிபோல் குத்தியது. போன் பேட்டரி கண்ணெதிரே செத்தது. டிசம்பரில் சோங்ஹுவா ஆற்றிலிருந்து பாளம் பாளமாகப் பனிக்கட்டியை அறுத்து வந்து கோபுரமும் கோட்டையுமாகக் கட்டி, உள்ளே வண்ண விளக்கு வைத்துவிடுகிறார்கள். 1963இல் பூங்காவில் பனி விளக்குகளாகத் தொடங்கியது, 1985இலிருந்து திருவிழா. தெருவில் ஐஸ்கிரீம் விற்பவருக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், அட்டைப் பெட்டியே போதும். நின்று தின்றோம். பைத்தியக்காரத்தனம்தான்.

ஆனால் எனக்கு அதிசயம் வீட்டுக்குள்ளேதான். கடை வாசலில் தொங்கும் கனத்த பஞ்சுத் திரையைத் தள்ளி உள்ளே போனால் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைத்துவிட்டுப் பார்த்தால் கடைக்காரர் பனியனோடு நிற்கிறார்! சின்லிங் மலை, ஹுவாய் ஆறு இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே நகரங்களில் குழாய் வழியாக வெப்பம் கொடுக்க 1950களில் ஏற்பாடு செய்தார்கள். கோட்டுக்குத் தெற்கே கிடையாது. வூஹான் கோட்டுக்குத் தெற்கே. நாங்கள் கோட்டும் கையுறையுமாக வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள். ஹார்பினில் குளிர் வெளியே நிற்கும். வூஹானில் நம்மோடு வந்து படுக்கும்.

திரும்பும் வழியில் பெருஞ்சுவர் ஏறினோம். படத்தில் இருப்பதுபோலவே இருந்தது. சரி, சுவான்ஜோவுக்கு வருவோம்.

மார்கோ போலோ சைத்தூன் என்று குறித்த துறைமுகம் இது. கோடையில் தென்மேற்குக் காற்றோடு கப்பல்கள் வந்து சேரும், குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று பிடித்துத் திரும்பும். நல்ல காற்று வேண்டி சோங் அரச வம்சக் காலத்து அதிகாரிகள் வழிபட்டதைப் பக்கத்து ஜியுரி மலையில் பாறையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் வந்துபோனவர்களில் நம் வணிகர்களும் உண்டு. 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து இந்துக் கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் ஊரெல்லாம் சிதறின. இரண்டு தூண்கள் மட்டும் கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் நிற்கின்றன.

புத்தாண்டுக்கு முந்தின நாள் அங்கே போனோம். முன்பக்கம் ஊதுபத்திப் புகையும் கூட்டமும். பின்பக்கம் யாருமில்லை. பதினாறு பட்டைத் தூணில், ஒரு வட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் நரசிம்மர். பல நூறாண்டு மழைக்காற்றில் முகம் கொஞ்சம் மழுங்கியிருந்தது. மடியில் கிடந்தவனை மட்டும் விடவில்லை. எங்களில் யாரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

கையில் ஆரஞ்சுப் பையோடு ஒரு பாட்டி அந்தப் பக்கம் வந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்: "நாளைக்குப் புத்தாண்டு. வீட்டுக்குப் போகலையா?"

எங்கள் மதுரைப் பையன் தூணைக் காட்டிச் சொன்னான்: "பாட்டி, இவரும் எங்க ஊர்தான். எழுநூறு வருஷமா இவரே இன்னும் போகலை."