தண்ணீர் எங்கே நிற்கிறது?

வணக்கம் நேயர்களே.

என்னை அழைத்தபோது நிலையத்துத் தம்பி கேட்டார்: "மாஸ்டர், இரசாயனவியல் பற்றிப் பேசப் போறீங்களோ, வாகனத்தைப் பற்றியோ?" எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். முப்பது வருசம் இரசாயனவியல் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு ஆறு வருசமாக ஒரே ஒரு வாகனத்தின் கறளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கறள் என்றால் துரு. வேறு ஊர்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வாகனம் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப். அப்பாவுடையது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றிப்போன வண்டி. மொரிஸ் மைனரை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டின வாகனங்களில் இதுவும் ஒன்று. அந்தப் புகையின் மணம் இப்போதும் சிலருக்கு மூக்கில் இருக்கும். சரி, எஞ்சின் கதை இன்றைக்கு வேண்டாம், அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. எனக்குப் பிரச்சினை உடம்புதான்.

மொரிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948இல் வந்தது, பிக்கப் 1953இல். காருக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடம்புதான் அதற்கு எலும்பும். பிக்கப்புக்கு மட்டும் கீழே தனிச் சேசிஸ் உண்டு. அதனால் மேலே தகரம் இற்றுப்போனாலும் வண்டி உருண்டுகொண்டே இருக்கும். கார் வைத்திருந்தவர்கள் பயந்துபோய் நேரத்துக்குத் திருத்தினார்கள். நாங்கள் ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டோம்.

அப்பா பின்தட்டில் பனம்பலகை போட்டு, அதற்கு மேல் சாக்கு விரித்திருப்பார். தகரம் கீறுப்படக்கூடாதாம். ஈர வெங்காயம், ஈரச் சாக்கு, ஈரப் பலகை, எல்லாவற்றுக்கும் அடியில் தகரம். காயவே காயாது. பிறகு 1995 இடம்பெயர்வு, போரால் ஊரையே விட்டுப் போனோம். வண்டி மாமரத்துக்குக் கீழே நின்றது. நாங்கள் திரும்பி வந்தபோது மட்காட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இலைச்சருகு உக்கி மண்ணாகி, அதில் ஒரு குப்பைமேனிச் செடி முளைத்திருந்தது.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்த காலத்தில், 2002க்குப் பிறகு, வண்டியை ஓர் இடத்தில் திருத்தக் கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். மூன்று கிழமையில் மணமகன் மாதிரி நின்றது. பளபளவென்று பெயின்ற், ஒரு ஓட்டை கிடையாது. நானும் காசைக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன். முதல் மாரி வந்தது. கதவின் அடியில் ஒரு கொப்புளம். இரண்டாம் மாரியில் கொப்புளத்தை விரலால் அமத்தினால் தண்ணீர் வந்தது. நேயர்களே, இரும்புக் கதவிலிருந்து தண்ணீர்!

அப்போது போய்ச் சேர்ந்ததுதான் என்னுடைய ரிங்கர் அண்ணையிடம். தகர வேலையில் கை பழகினவர். சிறுவயதிலேயே காது கேட்பது குறைந்துவிட்டது என்று அவரே சொல்வார். ஆனால் தகரத்தை விரல் மொழியால் தட்டிக் கேட்பதைப் பார்க்க வேண்டும். சந்தையில் பலாப்பழம் தட்டுவது போல. தட்டிக்கொண்டே போவார். டங், டங், டங், பிறகு தொப். அந்தத் தொப்பில் நிற்பார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின ஒரு காந்தம் வைத்திருக்கிறார், அதை அங்கே பிடித்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்டர், இது வாகனமில்லை. பட்டியாலை செய்த பொம்மை."

பட்டி என்றால் பெயின்ற் அடிக்க முதல் பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை, காய்ந்தால் இறுகிவிடும். சுரண்டத் தொடங்கினோம். விரல் தடிப்புக்குப் பட்டி. அதற்குப் பின்னால் கோழிக்கூட்டுக் கம்பிவலை, கம்பிவலைக்குப் பின்னால் பேப்பர். செய்திப் பேப்பர்! கசங்கின ஒரு பக்கத்தில் சினிமா விளம்பரம்கூடத் தெரிந்தது. பேப்பர் மாரித் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவு பகலாகத் தகரத்துக்கு ஊட்டியிருக்கிறது. சுரண்டின பட்டி எல்லாவற்றையும் அப்பாவின் வெங்காயத் தராசில் போட்டேன். ஏழு கிலோ. ஏழு கிலோ பட்டியைத்தான் நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்திருக்கிறேன்.

பட்டி கூடாது என்று சொல்லவில்லை. தகரத்தைத் தட்டி நேராக்கின பிறகு, கடைசிப் பள்ளம் மேடு தீர்க்க, தாள் கனத்துக்குப் போடலாம். ஓட்டையை அடைக்கிற சாமான் அல்ல அது.

இப்போது இரசாயனவியல். பயப்பட வேண்டாம், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுரண்டி மினுக்கின ஒரு இரும்புத் தகட்டுத் துண்டு எடுங்கள். ஒரு துளி உப்புத் தண்ணீர் விடுங்கள். மூடி வைத்துவிட்டு, துளி காயமுன் போய்ப் பாருங்கள். துளிக்குள்ளே வட்டமாகக் கறள் படிந்திருக்கும். வட்டம் இருக்கிற இடம்தான் அரிபட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. துளியைத் துடைத்துப் பார்த்தால் நடுவில்தான் இரும்பு தின்னுப்பட்டிருக்கும். துளியின் ஓரத்துக்குக் காற்று தாராளம், நடுவுக்குக் காற்றுக் குறைவு. ஒரே இரும்பில் காற்று நிறைந்த இடமும் குறைந்த இடமும் ஈரத்தால் இணைந்தால், ஒரு சின்ன பற்றரி மாதிரி ஆகிவிடும். அதில் காற்றுக் குறைந்த பக்கம் கரையும். உப்பு இருந்தால் மின்னோட்டத்துக்குப் பாதை இன்னும் சுகம். எங்களைச் சுற்றிக் கடல், கேட்கவே வேண்டாம்.

வண்டியில் காற்றுக் குறைந்த ஈர இடம் எது? பட்டிக்கு அடியில். மட்காட்டைப் பூட்டுகிற இடத்தில், பீடிங் என்கிற ஓரப்பட்டைக்கு அடியில். முன்விளக்குக் கிண்ணத்துக்குப் பின்னால் சேறு அப்பின இடத்தில். இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மடிப்பில். அங்கே உண்டாகிற கறள் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், மடிப்பையே பிளந்துவிடும். நீங்கள் வெளியில் கறளைக் காணும்போது அது உள்ளே வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறது. ஆகவே வண்டியைப் பார்க்கும்போது கறள் எங்கே என்று தேடாதீர்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

ரிங்கர் அண்ணை கேட்டதும் அதுதான். வெட்ட முதல் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கதவுக் கண்ணாடி இறங்குகிற இடுக்கில் ஊற்றினார். கதவின் அடியில் கம்பெனியே ஓட்டை வைத்திருக்கிறது, தண்ணீர் இறங்கிப் போக. என் வண்டியில் ஒரு சொட்டும் வரவில்லை. மினுக்குகிற அவசரத்தில் அந்த ஓட்டைகளையும் பட்டி போட்டு அடைத்திருந்தார்கள்! இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். உங்கள் வீட்டு இரும்புக் கேற்றைப் பாருங்கள். அடிக்குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் அங்கேதான் முதலில் இறும். சைக்கிள் மட்காட்டின் மடிப்பும் அப்படித்தான். தண்ணீர் வரட்டும், அதைத் தடுக்க முடியாது. போக வழி விடுங்கள்.

பிறகு வெட்டினோம். நல்ல தகரம் வரும் வரைக்கும் வெட்ட வேண்டும், மனசு கேட்காது. நான் "அண்ணை, காணும்" என்பேன். அவர் இன்னும் ஒரு அங்குலம் கோடு போடுவார். புதுத் துண்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்டக் கனமான தகரம். வெல்டிங்கை ஒரேயடியாக இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அவர் ஒரு பொட்டு வைப்பார், அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி. இடையில் ஒரு வாய் தேத்தண்ணி. ஒரு கதவின் அடிக்கு இரண்டு நாள் போனது.

வேலைக்கு நடுவே அவருக்கு ஒரு கதை சொன்னேன். மொரிஸ் மைனர் பொனற்றின் நடுவில் நீளமாக ஒரு பட்டை மேடாக ஓடுகிறதே, கவனித்திருப்பீர்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகப் பட்டது. மாதிரிக் காரை நெடுக இரண்டாகப் பிளந்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, இதுதான் சரி என்று முடிவெடுத்தார். அந்த 4 அங்குலம்தான் பொனற்றில் பட்டையாக நிற்கிறது. அண்ணை கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப அவரும் எங்களை மாதிரி வெட்டி ஒட்டினவர்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். சின்னச் சாமான்களின் கறள் எடுக்கிற விதத்தை வேகமாகச் சொல்கிறேன். கள்ளு வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டு, சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காயவிடுங்கள். இல்லாவிட்டால் கண்முன்னே திரும்பக் கறள் ஏறும். சோடாத் தொட்டியில் பற்றரிச் சார்ஜர் வைத்துச் செய்கிற முறையும் உண்டு. சாமான் மறை முனையில், பழைய இரும்புத் தகடு நேர் முனையில். வெளியில் வைத்துச் செய்யுங்கள், ஐதரசன் வரும், பக்கத்தில் பீடி பத்தக்கூடாது. நேர் முனைக்கு எவர்சில்வர் போடவே வேண்டாம், குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும்.

பெயின்ற் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். நேரம் இல்லை. உள்பக்கம்தான் முதலில் அடிக்க வேண்டும், அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். என் வண்டி இன்னும் பிரைமர் நிறத்தில்தான் நிற்கிறது. அப்பா காலத்துப் பச்சை வேண்டும் என்கிறேன் நான், மனிசி நீலம் என்கிறார். போன கிழமை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு கதவிலும் அடியால் ஒழுகி முற்றம் நனைந்தது. வணக்கம்.