அந்தக் கேள்விகள குழந்தையால கேக்க முடியாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். பெத்தவங்களால இப்போதைக்குப் பார்த்துக்க முடியாத குழந்தைய கொஞ்ச காலம் தங்க வீட்டுல வச்சு வளர்க்குற வளர்ப்புப் பெற்றோர தேர்ந்தெடுக்க கறாரான விசாரணை வேணுமா, இல்ல நல்ல மனசு ஒண்ணு போதுமாங்கிறதுதான் தலைப்பு. நான் விசாரணை வேணும்னு பேச வந்திருக்கேன். சோஷியல் வொர்க்கரா பல வருஷம் வீடு வீடா போய் ஹோம் ஸ்டடி, அதாவது வளர்க்க முன்வர்றவங்களப் பத்தின விசாரணை, பண்ணினவ நான்.

எதிரணித் தலைவர் ஒண்ணு கேட்டார், தண்ணியில தத்தளிக்கிறவனுக்கு கை நீட்டுறவன்கிட்ட சர்டிபிகேட் கேப்பீங்களான்னு. கைதட்டல் பிரமாதம். ஆனா ஐயா, கை நீட்டுறவனுக்கு நீச்சல் தெரியலேனா ரெண்டு பேருமில்ல முழுகுவாங்க?

1945 ஜனவரியில இங்கிலாந்துல, அரசாங்கமே ஒரு பண்ணை வீட்டுல வளர்க்க விட்ட 12 வயசுப் பையன் பட்டினியாலயும் அடியாலயும் செத்துப்போனான். அதை விசாரிச்ச மாங்க்டன் அறிக்கை என்ன சொல்லுச்சுன்னா, அவனுக்குப் பொறுப்பான ரெண்டு உள்ளாட்சிக்கு நடுவுல ஒழுங்கான தகவலும் இல்ல, கண்காணிப்பும் இல்லன்னு. அந்த நாடே அதிர்ந்துபோச்சு, 1948ல குழந்தைகளுக்குன்னு புது சட்டமே வந்துச்சு. நாங்க இன்னிக்கு கேக்குற ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும் இப்படி ஏதோ ஒரு குழந்தை இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

போலீஸ் ரெக்கார்ட், மெடிக்கல், தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிக்கிறது, மருந்து குழந்தை கைக்கு எட்டாம இருக்கா, படுக்க தனி இடம் இருக்கான்னு பார்க்குறது, இதெல்லாம் சுலபமான பாதி. பெரிய வீடெல்லாம் யாரும் கேக்கல, வாடகை வீடா இருந்தாலும் பரவால்ல.

கஷ்டமான பாதி பேச்சுலதான். ஒரே நாள்ல முடியாது, பல தடவை போவோம், புருஷன் பொண்டாட்டிய சேர்த்து வச்சு பேசுவோம், அப்புறம் தனித்தனியா பேசுவோம். சின்ன வயசுல நீங்க தப்பு பண்ணினா வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னு கேப்போம். ஏன்னா அடிபட்டு வந்த குழந்தை ராத்திரி பொருள தூக்கிப் போட்டு உடைக்கும்போது, நம்ம கை நம்மள அறியாம எந்தப் பழக்கத்துக்குப் போகும்னு தெரியணும். சொந்தக் குழந்தைய இழந்தவங்களா இருந்தா, அந்த துக்கம் ஆறியிருக்கா, இல்ல வர்ற குழந்தைய அந்த இடத்துல உக்கார வைக்கப் போறாங்களான்னு பார்ப்போம். அப்புறம் எல்லாத்தையும் விட பெரிய கேள்வி, இது தத்து இல்ல, பெத்தவங்க நிலைமை சரியானா குழந்தை திரும்பிப் போகும், அன்னிக்கு அனுப்பி வைப்பீங்களா? நல்ல மனசுக்காரங்கதான் இங்க அழுதுடுவாங்க. அழறது தப்பே இல்லங்க, ஆனா அது குழந்தை வர்றதுக்கு முன்னாடியே நடந்துடணும்.

பெத்தவங்ககிட்ட இருக்க முடியாத குழந்தைகளுக்காக 2009ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதலும் இதைத்தான் கேக்குது, குழந்தையோட தேவையையும் வளர்க்குறவங்க திறனையும் மதிப்பிட்டுப் பொருத்தணும்னு. பொருத்தாம விட்டா ரெண்டு மாசத்துல முடியல கூட்டிட்டுப் போங்கன்னு போன் வரும். வேற வீடு மாறுற குழந்தை, இவங்களுக்கு பயிற்சி பத்தலன்னா நினைக்கும்? நான் கெட்ட புள்ள, அதான் யாரும் வச்சிக்க மாட்டேங்குறாங்கன்னு நினைக்கும். அந்த அழுகைய கார்ல பக்கத்துல உக்காந்து கேட்டவ நான்.

எதிரணில தங்கச்சி ஒருத்தங்க மாசக்கணக்குல இழுக்குறாங்கன்னு சொன்னாங்க. அது நியாயம்தான், ஒரே பேப்பர மூணு தடவை கேக்குறதெல்லாம் கொடுமை. ஆனா அதுக்கு ஆளக் கூட்டுங்க தங்கச்சி, கேள்வியக் குறைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. ஒரு தம்பதி, எல்லாத்துலயும் பாஸ். அவங்க எட்டு வயசுப் பொண்ணுகிட்ட தனியா பேசினேன். புதுசா வர்ற பாப்பா என் ரூம்லதான் படுக்குமா, என்கிட்ட யாருமே கேக்கலன்னு சொல்லுச்சு. நாங்க நிறுத்தி வச்சோம், அப்பாவுக்கு என்மேல கோவம், நல்லது செய்ய வந்தவங்கள இப்படியா நடத்துவீங்கன்னு கேட்டார். மூணு மாசம் அந்தப் பொண்ணோட உக்காந்து உக்காந்து பேசினாங்க. அடுத்து நான் போனப்ப கதவத் திறந்ததே அவதான், கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அலமாரியக் காட்டினா. பாதிய காலி பண்ணி வச்சிருந்தா.

வணக்கம் நடுவர் அவர்களே.