நார்வே ராஜா வீட்டில் என்ன சமையல்? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். ஃபோரிகோல் என்ற நார்வே ஆட்டுக்கறிச் சமையலைச் செய்து காட்டிய வீடியோவுக்கு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன்: "அக்கா, டென்மார்க் ராணி பதவியை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். நார்வே ராஜா அவரைவிட மூத்தவர், அவர் ஏன் விலகவில்லை? அந்த அரண்மனையில் என்னதான் சமைப்பார்கள்? நீங்கள் காட்டிய ஆட்டுக்கறியில் உப்பையும் மிளகையும் தவிர ஒன்றுமே இல்லையே, மசாலா போட மறந்துவிட்டீர்களா? ராஜாவும் அதைத்தான் சாப்பிடுகிறாரா?"

மறக்கவில்லை தம்பி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ராஜா.

டென்மார்க்கின் இரண்டாம் மார்கிரெத்தே ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் தொலைக்காட்சியில் புத்தாண்டு உரை நிகழ்த்துவார். 2023-ல் அந்த உரையின் நடுவே பதவி விலகப்போவதாகச் சொல்லிவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. 2024 ஜனவரி 14 அன்று மகன் பத்தாம் ஃபிரெட்ரிக் மன்னரானார். டென்மார்க்கில் ஒரு மன்னர் தானாக விலகி ஏறக்குறைய 900 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடனே எல்லோரும் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோ பக்கம் திரும்பினார்கள், அடுத்து அந்த ராஜாதான் என்று. நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்ட் 1937-ல் பிறந்தவர், மார்கிரெத்தேயைவிட மூன்று வயது மூத்தவர். அவர் சொன்னது ஒரே பதில்தான்: நாடாளுமன்றத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறேன், அது ஆயுள் முழுமைக்கும்.

அடுத்த மாதமே விடுமுறைக்கு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போன இடத்தில் நோய்த்தொற்று வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் ஒன்றைத் தற்காலிகமாக வைத்து, மருத்துவ விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்து, ஓஸ்லோவில் நிரந்தரமாக ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் விலகவில்லை. நிகழ்ச்சிகளை மட்டும் குறைத்துக்கொள்வதாக அரண்மனை அறிவித்தது.

இதை வயதானவரின் பிடிவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சிம்மாசனம் வந்த வழியே வேறு. 1905-ல் நார்வே, ஸ்வீடனுடனான கூட்டைவிட்டுப் பிரிந்தபோது அதற்கென்று சொந்த ராஜா இல்லை. டென்மார்க் இளவரசர் கார்லைக் கூப்பிட்டார்கள். அவர் உடனே பெட்டியைக் கட்டவில்லை. மக்களுக்கு விருப்பமா என்று கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். வாக்கெடுப்பு நடந்தது, சுமார் 79 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதன் பிறகுதான் வந்தார். ஏழாம் ஹோகோன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கூட வந்த இரண்டு வயது மகன் அலெக்சாண்டர், ஓலாவ் ஆனான். அந்த ஓலாவின் மகன்தான் ஹரால்ட்.

அதே ஹோகோன் ஒரு முறை பதவி விலகுவேன் என்று சொன்னதுண்டு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை உள்ளே வந்து, நாஜி ஆதரவாளர் குவிஸ்லிங் என்பவரைப் பிரதமராக்கு என்று மிரட்டியது. அரசாங்கம் அதற்கு இணங்கினால் நான் முடியைத் துறக்கிறேன் என்று அமைச்சர்களிடம் சொன்னார். அவர்கள் இணங்கவில்லை. அதனால் இந்த வீட்டில் பதவி விலகல் என்பது ஓய்வு பெறுவதைப் போன்ற சாதாரண விஷயமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அப்பாவும் தாத்தாவும் சாகும்வரை மன்னர்களாகவே இருந்தார்கள்.

வாரிசு பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஹரால்டுக்கு அடுத்து, கொள்ளுத்தாத்தாவின் பெயரையே கொண்ட மகன் ஹோகோன், அவருக்கு அடுத்து அவர் மகள் இங்ரித் அலெக்சாண்ட்ரா, 2004-ல் பிறந்தவர். ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே முடி என்று 1990-ல் சட்டம் மாறியது. ஆனால் அதற்கு முன்பே பிறந்துவிட்டவர்களுக்கு அது முழுதாகப் பொருந்தாது. அதனால்தான் அக்கா மெர்த்தா லூயிஸ் இருக்கத் தம்பி ஹோகோன் பட்டத்து இளவரசர். ஹோகோனின் மனைவி, பட்டத்து இளவரசி மெத்தே-மாரித்துக்கு நுரையீரல் நோய் இருப்பதை 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். திருமணத்துக்கு முன் வேறு உறவில் பிறந்த அவருடைய மூத்த மகன் மீதான வழக்கு பற்றிக் கேட்டவர்களுக்கு: அது நீதிமன்றத்தின் வேலை, அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இப்போது அரண்மனைச் சமையல். தம்பியின் மனதில் இருப்பது, ராஜா வீடு என்றால் அதற்கென்று ஒரு சமையல் இருக்குமே என்பது. பிரான்சில் இருந்தது, லக்னோவில் இருந்தது. நார்வேயில் அப்படி ஒன்று உருவாகவே இல்லை. காரணம் எளிது, உருவாக்க அங்கே ராஜா இல்லை. 1814 வரை சில நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு சேர்ந்திருந்தார்கள், ராஜா கோபன்ஹேகனில். பிறகு 1905 வரை ஸ்வீடனோடு, ராஜா ஸ்டாக்ஹோமில். ஓஸ்லோ அரண்மனை 1849-ல் கட்டி முடிந்தாலும் ஸ்வீடன் மன்னர்கள் எப்போதாவது வந்து தங்கிப்போகும் இடமாகத்தான் இருந்தது. பிரபுக்களின் பட்டங்களையும் 1821-லேயே சட்டம் போட்டு ஒழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய சமையற்காரர்களை வைத்துப் போஷிக்க ஆளே இல்லை. ஆகவே நார்வேயின் பாரம்பரியச் சமையல் என்று நாம் இன்று சொல்வதெல்லாம் குடியானவர்களும் மீனவர்களும் நீண்ட குளிர்காலத்தைத் தாண்டுவதற்குச் செய்துவைத்தவை. உப்பிட்ட கறி, காயவைத்த மீன், வருடக்கணக்கில் கெடாத மெல்லிய தட்டை ரொட்டி, பாலைத் திரித்து வடித்த நீரைச் சுண்டக் காய்ச்சிய பழுப்புச் சீஸ், புளித்த கிரீமில் கிண்டிய ரோம்மெகுரோட் கஞ்சி. புது அரச குடும்பம் 1905-ல் வந்து இறங்கியபோது அதற்காகக் காத்திருந்த சாப்பாடு இதுதான். வெளிநாட்டுத் தலைவர்களுக்குக் கொடுக்கும் விருந்து வேறு, அது எந்த ஐரோப்பிய அரண்மனையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

அரச குடும்பத்தோடு நேராகத் தொடர்புள்ள ஒரு பலகாரம் உண்டு, ஆனால் அது ஸ்வீடனில் பிறந்தது. மார்சிபான் என்ற பாதாம்-சர்க்கரைப் பசையைப் பச்சை நிறத்தில் போர்த்தி, உள்ளே கேக், கஸ்டர்ட், கிரீம் என்று குவித்து வைக்கும் இளவரசி கேக். ஸ்டாக்ஹோமில் சமையல் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியை, தன்னிடம் படித்த மூன்று இளவரசிகளை வைத்துப் போட்ட சமையல் புத்தகத்தில் அது பச்சைக் கேக் என்று வந்தது. அந்த மூன்று பெண்களுக்கும் அது மிகவும் பிடிக்கும் என்பதால் பிறகு பெயர் மாறியது என்பார்கள். மூவரில் ஒருவர் அஸ்த்ரித், பெல்ஜியத்தின் ராணியானவர். இன்னொருவர் மெர்த்தா. 1929-ல் ஓலாவைக் கல்யாணம் செய்துகொண்டு நார்வேக்கு வந்தார். ஹரால்டின் அம்மா அவர்தான். கணவர் 1957-ல் மன்னராகும் முன்பே, 1954-ல் இறந்துவிட்டார். ராணி ஆகாமலே போனவர். இந்தக் கேக்கைப் பற்றி எழுதும் பலர் பச்சை நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தப் பெண்கள் யார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

மே 17 நார்வேயின் அரசியல் சாசன நாள். அன்று ஓஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாக வர, ராஜா குடும்பம் அரண்மனை மாடத்தில் மணிக்கணக்கில் நின்று கையசைக்கும். பட்டத்து இளவரசர் குடும்பம் காலையிலேயே ஓஸ்லோவுக்கு அருகே ஆஸ்கெரில் தங்கள் ஸ்கௌகும் வீட்டு வாசலில் நின்று, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு முறை கையசைத்துவிட்டு வந்திருக்கும். கீழே பிள்ளைகளின் கவனமெல்லாம் ஐஸ்கிரீமிலும், லொம்பே என்ற உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய சாசேஜிலும். பெரியவர்களுக்கு உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி, முட்டைப் பொரியல், ரோம்மெகுரோட். பணக்கார வீட்டிலும் அன்று இதுதான். என்னைக் கேட்டால், இந்த நாட்டின் அரச விருந்து என்று இதையே சொல்வேன்.

சரி, மசாலா. ஃபோரிகோல் என்பது எலும்போடு ஆட்டுக்கறி, முட்டைக்கோஸ், முழு மிளகு, உப்பு, தண்ணீர். விருப்பமானவர்கள் கொஞ்சம் மாவு தூவுவார்கள். 1972-ல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் நேயர்கள் இதைத் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2014-ல் வேறு ஏதாவது வருமா என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் இதுவே வந்தது. செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை இதற்கென்றே ஒரு நாள். ஏன் செப்டம்பர் என்றால், கோடையில் மலைமேல் மேயவிட்ட செம்மறி ஆடுகள் அப்போதுதான் கீழே இறங்கும், புதுக் கறி கிடைக்கும். முட்டைக்கோஸும் அதே சமயம் அறுவடை. மூன்று மாதம் மலைப்புல் தின்ற ஆட்டின் கொழுப்பில்தான் ருசியே இருக்கிறது. அதன்மேல் மல்லித்தூளைக் கொட்டினால் எந்த ஆடு என்றே தெரியாமல் போய்விடும். இவர்களுக்கு மசாலாப் பொருளே தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். ஏலக்காயை இனிப்பு பன்னிலும் வாஃபிளிலும் தாராளமாகப் போடுகிறார்கள், கறியில்தான் போடுவதில்லை.

அளவு மறுபடியும் சொல்கிறேன், வீடியோவில் வேகமாகச் சொல்லிவிட்டேன் என்றும் ஒரு புகார் இருந்தது. கறி ஒன்றரைக் கிலோ, கோஸ் ஒன்றரைக் கிலோ. கோஸைப் பொடியாக நறுக்காமல், நடுத்தண்டோடு பெரிய பத்தைகளாக வெட்டுங்கள், அப்போதுதான் குலையாது. கொழுப்புள்ள துண்டுகள் அடியில், மேலே கோஸ், அதன்மேல் கறி என்று அடுக்குங்கள். அடுக்குகளுக்கு நடுவே மொத்தமாக நான்கு தேக்கரண்டி மிளகும் இரண்டு தேக்கரண்டி உப்பும். 300 மில்லி தண்ணீர் போதும், கோஸே தண்ணீர் விடும். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடி, இரண்டரை மணி நேரம். கிளறவே வேண்டாம். கறி எலும்பைவிட்டுக் கழன்றால் ஆயிற்று. உருளைக்கிழங்கைத் தனியாக வேகவையுங்கள்.

இரண்டு விஷயம் வீடியோவில் சொல்லவில்லை. சாப்பிடும் தட்டைச் சூடாக்கி வையுங்கள். செம்மறிக் கொழுப்பு ஆறினால் உடனே உறைந்து வாயில் ஒட்டும், நார்வேப் பாட்டிமார்கள் இதில் மிகவும் கண்டிப்பு. இன்னொன்று, மறுநாள் சூடுபடுத்திச் சாப்பிடுவதுதான் உண்மையான ஃபோரிகோல் என்று சொல்பவர்கள் பாதிப் பேர். நானும் அந்தக் கட்சி.

மதுரையில் வெள்ளாட்டுக்கறியில் செய்யலாமா என்று தம்பி கடைசி வரியில் கேட்டிருக்கிறார். செய்யலாம், ஆனால் வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, அதனால் நெஞ்செலும்புப் பகுதியாகப் பார்த்து வாங்கி, கொழுப்பைச் சீவ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். செம்மறி கிடைத்தால் அதுவே நல்லது. குக்கரில் விசில் விட்டு எடுத்தால் கோஸ் கூழாகிவிடும், கனமான பாத்திரத்திலேயே வையுங்கள். காரம் இல்லாமல் முடியவே முடியாது என்றால் பக்கத்தில் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள், சட்டிக்குள் மட்டும் போடாதீர்கள். லுத்தெஃபிஸ்க் என்ற மீன் உணவு பற்றிக் கேட்டவர்களுக்கு டிசம்பரில் பதில் சொல்கிறேன்.