போட்டோ எடுக்க முடியாத புராஜெக்ட்

[திரை: காலியாகிக்கொண்டிருக்கும் கல்லூரி ஆடிட்டோரியம். நாற்காலி அடுக்கும் சத்தம்.]

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம். எங்க ஊர்க் கல்லூரி ஆடிட்டோரியத்துல 400 பிள்ளைங்க. ரெண்டு ஃபேன் ஓடல, மைக் கீச்சு கீச்சுன்னு கத்துது. மேடைக்குப் பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ்: ‘இளைஞர் மனநல விழிப்புணர்வு முகாம்’. அப்போ நான் ரோட்டராக்ட்ங்கிற இளைஞர் சேவை கிளப்ல செயலாளர். குத்துவிளக்கு ஏத்தியாச்சு, பொன்னாடை போட்டாச்சு, ஒரு மணி நேரப் பேச்சும் முடிஞ்சாச்சு. “கேள்வி ஏதாவது இருக்கா?”ன்னு கேட்டோம். ஒரு கை எழும்பல. எப்படி எழும்பும்? கூடப் படிக்கிற 400 பேர் பார்க்க எந்திரிச்சு, “எனக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்ல சார்”னு எவன் சொல்லுவான்?

எல்லாரும் போனப்புறம் நாற்காலி அடுக்கிட்டு இருந்தோம். ஒரு பொண்ணு மட்டும் திரும்பி வந்தா. பையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தா. “அண்ணா, அடுத்த வாரமும் வருவீங்களா?”ன்னு கேட்டா. “இல்லம்மா, இது ஒரு நாள் புரோகிராம்தான்”னு சொன்னேன். “சரிண்ணா”ன்னு போயிட்டா.

அந்த முகாமுக்கு எங்க கிளப்புக்கு ஷீல்டு கிடைச்சது.

[திரை: தலைப்பு]

வணக்கம். சர்வீஸ் கிளப்புகள் இளைஞர் மனநலத்துக்கு என்ன செய்ய முடியும், ஏன் பல சமயம் சொதப்புது, இதான் இன்னைக்கு விஷயம். சொதப்பினவங்கள்ல நானும் ஒருத்தன்ங்கிறதால கொஞ்சம் உரிமையோடவே பேசறேன்.

கிளப்னா சீட்டாடுற கிளப் இல்ல. 1905 பிப்ரவரி 23, சிகாகோ. பால் ஹாரிஸ்ங்கிற வக்கீல் மூணு நண்பர்களோட உட்கார்ந்து ஆரம்பிச்சதுதான் ரோட்டரி. ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொருத்தர் ஆபீஸ்ல, சுத்திச் சுத்தி நடந்ததால அந்தப் பேரு. அதே சிகாகோவுல 1917ல மெல்வின் ஜோன்ஸ் ஆரம்பிச்சது லயன்ஸ். இளைஞர்களுக்கு ரோட்டரியில ரோட்டராக்ட், லயன்ஸ்ல லியோ. நம்ம தெருமுனை நற்பணி மன்றம் பண்ற வேலைதான். கூட கொஞ்சம் கோட்டு, காலர்ல ஒரு பின்.

கிண்டல் பண்றேனே தவிர, சாதிச்சிருக்காங்க. 1925ல லயன்ஸ் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வை இல்லாதவங்களுக்குத் துணையா நில்லுங்கன்னு கேட்டாங்க. கண் சிகிச்சை லயன்ஸோட அடையாளமாவே ஆனது அதுக்கப்புறம்தான். 1985ல ரோட்டரி போலியோவைக் கையில எடுத்தது. அரசாங்கங்கள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப்னு எல்லாரோட உழைப்பும் சேர்ந்து, இந்தியாவுல இயற்கையாப் பரவுற போலியோவால பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில மேற்கு வங்கத்துல பதிவான ஒரு குழந்தை. 2014 மார்ச்ல நம்ம நாடு இருக்கிற தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லன்னு சான்றிதழ் வந்தது.

[திரை: கண் முகாம். வரிசை, கறுப்புக் கண்ணாடி போட்ட தாத்தா பாட்டிகள், குரூப் போட்டோ.]

இப்போ ஒரு கண் முகாமை உத்துப் பாருங்க. காலையில வரிசை. பரிசோதனை. புரை இருக்கிறவங்களை வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். சாயங்காலம் கணக்கு: இத்தனை பேரைப் பார்த்தோம், இத்தனை பேருக்கு ஆபரேஷன். ரத்ததானமும் அப்படித்தான், இத்தனை யூனிட். அப்புறம் பேனரோட ஒரு போட்டோ. கிளப் ரிப்போர்ட்ல ‘பயனாளிகள்’னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு நம்பர் எழுதணும். இது தப்பு இல்ல. புரைக்கும் ரத்தத்துக்கும் இந்த அச்சு கச்சிதமாப் பொருந்துது. நாங்க பண்ணின தப்பு, அதே அச்சுல மனசையும் வார்த்தது.

தேவை எவ்வளவு பெருசுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 10லேர்ந்து 19 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல ஏழுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுல 2015-16ல எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்படுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது போய்ச் சேரலன்னு காட்டிச்சு. நோயைப் பொறுத்து 70லேர்ந்து 92 சதவீதம் வரைக்கும் இடைவெளி.

டாக்டர்கள் குறைவுங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு நம்ம வாய். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கோம்? 1794லேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கிட்டு வர்ற ஒரு ஆஸ்பத்திரி அது. அந்த ஏரியா பேரையே வசவாக்கி வெச்சிருக்கோம். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ற பையன் டாக்டர்கிட்ட போவானா?

[திரை: லண்டன், பழைய தேவாலயம். மேசையில தேநீர்க் கோப்பைகள்.]

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கதை. 1953, லண்டன். சாட் வாராங்கிற பாதிரியார், வாழப் பிடிக்காம தவிக்கிறவங்க தன்னைக் கூப்பிட்டுப் பேசலாம்னு அறிவிக்கிறார். கூட்டம் வருது. காத்திருக்கிறவங்களுக்கு டீ, காபி கொடுக்கச் சில தொண்டர்கள் இருந்தாங்க. கொஞ்ச நாள்ல அவர் ஒண்ணைக் கவனிக்கிறார். வந்தவங்கள்ல நிறைய பேர் டீ கொடுத்தவங்ககிட்டயே மனசைக் கொட்டிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போறாங்க! கேட்கிற வேலையை அந்தத் தொண்டர்கள்கிட்டயே அவர் ஒப்படைச்சார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அதே வழியில 1986ல சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்சது சினேகா. பயிற்சி எடுத்த தொண்டர்கள், காது கொடுக்கிறாங்க. அவ்வளவுதான்.

அதுக்காக டாக்டர் வேண்டாம்னு அர்த்தமில்ல. மருந்து தேவைப்படுறவங்களுக்கு மருந்துதான் தேவை. ஆனா ஒருத்தன் டாக்டர் ரூம் வரைக்கும் நடந்து போறதுக்கு முன்னாடி, யாரோ ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்திருக்கணும். டீ கொடுத்த கை இருந்தது அந்த இடத்துலதான். கிளப்பும் அங்க நிக்கலாம்.

[திரை: நூலகத்தின் பின்பக்கம் ஒரு அறை. மேசை, ரெண்டு நாற்காலி, தண்ணி பாட்டில்.]

எங்க ஊர்ல இப்போ இருக்கிற பசங்க நாங்க பண்ணாததைப் பண்றாங்க. சனிக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும், அதே ரூம், அதே ரெண்டு நாற்காலி. யார் வந்தாலும் வரலன்னாலும் திறந்திருக்கும். கதவுல ‘மனநலம்’னு எழுதல, ‘பேசலாம் வாங்க’ன்னு மட்டும்தான். கேட்க உட்கார்றவங்க பயிற்சி எடுத்தவங்க, மாவட்ட மனநலத் திட்டத்து ஆலோசகர் வந்து சொல்லிக்கொடுத்துட்டுப் போனார். போட்டோ கிடையாது. பேர் எழுதற நோட்டு கிடையாது. அதைவிடக் கஷ்டமான மூணாவது விதி: அறிவுரை கிடையாது.

நமக்கு அறிவுரை சொல்லாம இருக்கத் தெரியாதே! ஒரு தம்பி வந்து, “அண்ணா, எதுலயும் பிடிப்பே இல்ல”ன்னா, உடனே வாய் துறுதுறுங்கும். “காலையில எந்திரிச்சு ஓடு, போனைத் தூக்கி வை, அப்பா அம்மா கஷ்டத்தை நினைச்சுப் பாரு.” அவ்வளவுதான், கதவு சாத்திடும். அந்தப் பசங்க பழகினது வேற மாதிரி. “எத்தனை நாளா இப்படி இருக்கு தம்பி?”ன்னு கேட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு உட்கார்றது. பத்து செகண்ட் மௌனம் பத்து நிமிஷம் மாதிரி இருக்குமாம். பதினோராவது செகண்ட்லதான் அவன் பேச ஆரம்பிப்பானாம்.

அவன் ஏதாவது பண்ணிக்குவானோன்னு நமக்குப் பயமா இருந்தா நேராவே கேட்கணும்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டா நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதான்னு பலருக்குச் சந்தேகம். ஆகாது. நேராக் கேட்கிறது அந்த எண்ணத்தை விதைக்காது, பெரும்பாலும் பாரத்தை இறக்கத்தான் செய்யும். ஆமான்னு சொன்னா அவனைத் தனியா விடக்கூடாது. வீட்டுல நம்பகமான ஒருத்தர், டெலி மானஸ்ங்கிற மனநல ஹெல்ப்லைன் 14416, ஆஸ்பத்திரின்னு அந்த நிமிஷமே நகரணும். போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது.

[திரை: பிரவுசிங் சென்டர் வாசல். பிளஸ் டூ ரிசல்ட் நாள்.]

காது கொடுக்கிறதைத் தாண்டியும் வேலை இருக்கு. ரிசல்ட் அன்னைக்குக் காலையில பிரவுசிங் சென்டர் வாசல்ல நின்னு பாருங்க. பாஸானவன் சத்தம் போட்டுக்கிட்டு வெளிய வருவான். ஃபெயிலானவன் சத்தமே இல்லாம, செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டே வருவான். அந்தப் பசங்க அங்க ஒரு மேசை போட்டாங்க. அதுல துணைத்தேர்வு விண்ணப்பம் பத்தின விவரம், கட்டணம், கடைசித் தேதி. ஃபெயிலான பிள்ளைங்க ஒரு வருஷம் காத்திருக்காம சீக்கிரமே திரும்ப எழுதி, அந்த வருஷமே கல்லூரிக்குப் போறதுக்குத் தமிழ்நாட்டுல வழி இருக்கு. இந்த ஏற்பாட்டுக்காகக் குரல் கொடுத்தவங்கள்ல சினேகாவும் உண்டு. “உலகம் முடிஞ்சிடல தம்பி”ன்னு வாயால சொல்றதைவிட, “ஃபார்ம் இந்தா, பேனா இந்தா”ங்கிறதுக்கு வலு ஜாஸ்தி.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் லட்சுமி விஜயகுமார் குழு செஞ்சு பார்த்த ஒண்ணையும் சொல்லணும். விவசாயிகள் வீட்டுல பூச்சிமருந்து கைக்கெட்டுற இடத்துல இருக்கும். ரெண்டு ஊர்ல அதைப் பொதுவா வைக்க ஒரு கட்டடம், உள்ள பேங்க் லாக்கர் மாதிரி பூட்டுப் பெட்டிகள். வேணுங்கிறப்போ எடுத்து அடிச்சுட்டு, மிச்சத்தைத் திரும்ப வெச்சுப் பூட்டிடலாம். கொந்தளிப்பு பல சமயம் கொஞ்ச நேரத்துல தணிஞ்சிடும். அந்த நேரத்துல கைக்கு எட்டாம இருந்தா ஒரு உயிர் மிஞ்சும். மனநலம்னா கவுன்சலிங் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்த எனக்கு இது கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்தது. தச்சரும் வெல்டரும் மனநல வேலை பார்க்கலாம்! கிளப் மெம்பர்ல ஹார்டுவேர் கடைக்காரர் இல்லாத ஊர் உண்டா?

[திரை: பதவியேற்பு விழா. மாலை, காலர், கைகுலுக்கல்.]

கடைசியா, எல்லா கிளப்பும் தடுக்கி விழுற இடம்: ஜூலை 1. ரோட்டரியில அன்னைக்குப் புதுத் தலைவர், லயன்ஸ்லயும் வருஷம் அப்பவே மாறும். புதுசா வர்றவருக்குத் தன் பேர்ல ஒரு புராஜெக்ட் வேணும். போன வருஷத்து சனிக்கிழமை ரூம் ‘அவரோட’ புராஜெக்ட், அதனால சாவி கைமாறாது. சர்வதேச ரோட்டரிக்கு 2023-24ல தலைவரா இருந்த ஸ்காட்லாந்துக்காரர் கார்டன் மெக்கினலி, தன் சகோதரரைத் தற்கொலையில இழந்ததை வெளிப்படையாப் பேசி, மனநலத்தை அந்த வருஷத்து முக்கிய வேலையா வெச்சார். பெரிய விஷயம். ஆனா அவருக்கும் ஒரு வருஷம்தான் பதவி.

எங்க ஊர்ப் பசங்க இதுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க. ரூமைத் தலைவர்கிட்ட விடல. அஞ்சு பேர் கொண்ட தனிக் குழு, தலைவர் மாறினாலும் குழு மாறாது, அஞ்சுல ஒருத்தர் விலகினாத்தான் புதுசா ஒருத்தர். ரிப்போர்ட்ல அந்த ‘பயனாளிகள்’ கட்டத்துல என்ன எழுதறீங்கன்னு கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினாங்க. பேர் இல்ல, ஊர் இல்ல. தேதியும் ஒரு எண்ணும் மட்டும்.

சனிக்கிழமை, 2. சனிக்கிழமை, 0. சனிக்கிழமை, 0. சனிக்கிழமை, 1.

“சைபர் வர்ற அன்னைக்கும் ஆறு மணி வரைக்கும் உட்காருவீங்களா?”

“ஆமாண்ணா. அடுத்த வாரம் வர்றவங்க இந்த வாரம் லைட் எரியுதான்னு பார்த்துட்டுத்தானே போவாங்க.”

[திரை, பத்து விநாடி: டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லை. குழந்தைகளுக்கு 1098.]